சுத்தம் என்று குறித்த பக்கங்கள்

எங்கள் நிர்வாகிக்குச் சிவப்பு ஆகாது. சர்வர் அறைக்கு வெளியே மாட்டியிருக்கும் பெரிய திரையில் ஏதாவது ஒரு கட்டம் சிவந்தால் போதும், சட்டைக் கையை மடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்து நின்றுவிடுவார். மூன்று வாரமாக அவர் என் உயிரை வாங்கியது ஒரே ஒரு கட்டத்துக்காக. ‘காலி மெமரி: இரண்டு சதவீதம்’ என்று அது காலையிலிருந்து மாலைவரை சிவந்தே இருந்தது.

நானும் சொல்லாத விதமில்லை. காலி என்பது வேறு, கேட்டால் கிடைக்கும் என்பது வேறு. யாருக்கு எவ்வளவு மெமரி என்று பங்கு பிரித்துக் கொடுப்பது கெர்னல்; கம்ப்யூட்டரின் அடிமட்டத்தில் உட்கார்ந்து எல்லாரையும் மேய்க்கிற புரோகிராம் அது. சும்மா கிடக்கும் மெமரியைக் கண்டால் அதற்குப் பொறுக்காது. டிஸ்கிலிருந்து ஒருமுறை படித்ததை, மறுபடி யாராவது கேட்கக்கூடும் என்று, பக்கம் பக்கமாக மெமரியிலேயே வைத்துக்கொள்ளும். வேறு யாருக்காவது இடம் தேவைப்பட்டால் அந்தப் பக்கங்களை ஒரு நொடியில் விட்டுக்கொடுத்துவிடும். மூலம்தான் டிஸ்கில் இருக்கிறதே. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் பையை வைத்திருப்பவர், ஆள் வந்தால் எடுத்து மடியில் வைத்துக்கொள்வதில்லையா, அந்த மாதிரிதான் சார் என்று உதாரணம்கூடச் சொன்னேன். மனிதர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, சரிம்மா, ஆனால் அது ஏன் சிவப்பாக இருக்கிறது என்று கேட்டார்.

தொல்லை தாங்காமல் ஒரு காரியம் செய்தேன். மணிக்கு மணி, பெரிய முள் பன்னிரண்டில் நிற்கும்போது, அந்தப் பக்கங்களை எல்லாம் மொத்தமாகத் தூக்கி எறியச் சொல்லி நாலு வரி எழுதிப் போட்டேன். அதற்கு விளக்குமாறு என்று பெயரும் வைத்தேன். என் தொழிலில் இருக்கிற யாரிடம் சொன்னாலும் வாய்விட்டுச் சிரிப்பார்கள். கஷ்டப்பட்டு மெமரிக்குக் கொண்டுவந்ததை எறிந்துவிட்டு, அடுத்த நிமிடம் மறுபடி டிஸ்கிலிருந்து படிப்பது வடிகட்டின முட்டாள்தனம். ஆனால் கட்டம் பச்சையானது. நிர்வாகி மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். நானும் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

முட்டாள்தனம் என்று தெரியும், ஆபத்து என்று தெரியாது. அதற்கும் காரணம் இருந்தது. பக்கங்களில் இரண்டு வகை. மெமரியில் இருப்பதும் டிஸ்கில் இருப்பதும் ஒன்றே என்றால் அது சுத்தமான பக்கம். புதிதாக எழுதப்பட்டு இன்னும் டிஸ்குக்குப் போய்ச் சேராதது அழுக்குப் பக்கம். விளக்குமாறு சுத்தமானதைத்தான் எடுக்கும், அழுக்கின்மேல் கை வைக்காது. வீட்டில் பெருக்குவதற்கு நேர்மாறு என்று அக்காவிடம் சொன்னபோது, அதனால்தான் உன் அறை அப்படிக் கிடக்கிறது என்றாள்.

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பதினாறு வருடமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, பிரேக், பிரேக், அது ஆக்ஸிலேட்டர் என்று கத்தியே சம்பாதித்த குரல். அந்தக் குரலைத்தான் இன்று எடுக்கப்போகிறார்கள். குரல்வளையில் கட்டி. குரல்வளையையே எடுத்தால்தான் ஆள் பிழைக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பதினொன்றே காலுக்கு ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோவதாகப் பேச்சு.

ஆஸ்பத்திரியிலேயே ஒரு குரல் பிரிவு இருக்கிறது. பேச்சை இழக்கப்போகிறவர்களின் குரலை முன்கூட்டியே பதிந்து, பிறகு அவர்கள் தட்டச்சு செய்வதை அதே குரலில் பேசவைக்கிறார்கள். அவர்களுடைய பதிவெல்லாம் வந்து சேருவது ஊரின் மறுகோடியில் இருக்கும் எங்கள் சர்வருக்கு. பத்து நாளாக அக்கா நூற்றுக்கணக்கான வாக்கியங்களைப் படித்துக் கொடுத்திருந்தாள். அவை பத்திரமாக மூன்று இடத்தில் இருந்தன. ஆனால் அந்தக் குரல் சரியாகப் பேசுமே தவிரச் சிரிக்காது, திட்டாது, கொஞ்சாது. அதற்காகக் கடைசி நாளில், சொந்தப் பேச்சு என்று ஒரு பதிவு. யாருக்கு என்ன சொல்ல வேண்டுமோ சொல்லிக்கொள்ளலாம். அக்கா நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, ஆபரேஷன் காலையில்தான் அதற்கு உட்கார்ந்தாள். ஒன்பது நாற்பதுக்குத் தொடங்கி நாற்பத்தைந்து நிமிடம் பேசியிருக்கிறாள்.

நான் பக்கத்தில் இல்லை. நீ எதிரே உட்கார்ந்து முழித்துக்கொண்டிருந்தால் எனக்குப் பயமாக இருக்கிறது, போய் வேலையைப் பார் என்று விரட்டிவிட்டாள். வந்தேனே தவிர, கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தண்ணீர் குடித்தேன், எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி தண்ணீர் குடித்தேன். பத்து நாற்பத்தொன்றுக்கு, அவளுடைய ஃபைல் வந்துவிட்டதா என்று சும்மா பார்க்கலாமே என்று சர்வருக்குள் போனேன்.

ஃபைல் இருந்தது. நாற்பத்தைந்து நிமிட அளவும் சரியாக இருந்தது. அதற்குக் கீழே கெர்னல் எழுதி வைத்திருந்த குறிப்புகளைப் பார்த்ததும் நாற்காலியைத் திரைக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஒன்பது முப்பத்தெட்டிலிருந்து டிஸ்க் எதையும் எழுத மறுத்துக்கொண்டிருந்தது. எழுத முயன்றேன், முடியவில்லை; எழுத முயன்றேன், முடியவில்லை. திரை முழுக்க அதே வரி.

இப்படி நடந்தால் கெர்னல் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியிருக்கிறேன், மற்றவர்களுக்குச் சொல்லிக்கூடக் கொடுத்திருக்கிறேன். எழுதவே முடியாத பக்கங்களை அழுக்கு என்று பிடித்து வைத்திருந்தால், அவை சேர்ந்து சேர்ந்து மெமரி அடைத்து மொத்த மெஷினும் நின்றுவிடும். அதனால் அது ஒருமுறை முயன்று பார்த்துவிட்டு, தோற்றுப்போனதாக ஒரு வரி குறித்துவிட்டு, அந்தப் பக்கத்துக்குச் சுத்தம் என்று முத்திரை குத்திவிடும். என்ன ஆயிற்று என்று கேட்டிருக்க வேண்டியது பதிவு செய்த புரோகிராம். அது கேட்கவில்லை. அங்கே ஆஸ்பத்திரியில், குரல் பிரிவின் ஒலிப்பதிவாளருடைய திரையில் பச்சை டிக் விழுந்திருக்கும், அவரும் முடிந்தது என்று எழுந்து போயிருப்பார்.

ஆக, அக்காவின் பேச்சு உலகத்திலேயே ஒரே ஒரு இடத்தில் இருந்தது. சுத்தம் என்று பொய்யாக முத்திரை குத்தப்பட்ட, யார் வேண்டுமானாலும் தூக்கி எறியலாம் என்கிற பக்கங்களில். பத்து மணிக்கு என் விளக்குமாறு ஒருமுறை ஓடி முடித்திருந்தது. பதினொன்றுக்கு மறுபடி ஓடும். என் புத்தியைச் செருப்பால் அடித்தால் என்ன என்று தோன்றியது.

பதறினால் எல்லாம் போய்விடும். அந்த மெஷினில் நான் தட்டுகிற ஒவ்வொரு கட்டளையும் தானே ஒரு ஃபைல்தான். அது ஓட வேண்டுமென்றால் அதுவும் மெமரியில் வந்து உட்கார வேண்டும், உட்கார இடம் வேண்டும். நான் எட்டிப் பார்ப்பதே அக்காவின் பேச்சில் ஒரு துண்டைக் கீழே தள்ளிவிடலாம். இது போதாதென்று, வேறொரு நோயாளிக்குக் குரல் உருவாக்கிக்கொண்டிருந்த பெரிய புரோகிராம் ஒன்று பக்கத்திலேயே மெமரியை வாரி வாரி விழுங்கிக்கொண்டிருந்தது.

நான் கட்டளைகளைத் தட்டுவது ஷெல் என்கிற புரோகிராமில்; ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த அந்த ஷெல்லில், அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கிற கட்டளைகள் நாலைந்து உண்டு. வெளியிலிருந்து எதையும் கொண்டுவரத் தேவையில்லாதவை. அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, மணிக்கு மணி வேலைகளை எழுப்பிவிடும் புரோகிராமைத் தேடிப் பிடித்துக் கொன்றேன். பத்து நாற்பத்தொன்பது. குரல் உருவாக்கிக்கொண்டிருந்ததைக் கொல்ல மனம் வரவில்லை, அதுவும் யாரோ ஒருவரின் குரல். அது இருக்கிற இடத்திலேயே உறைந்து நிற்கட்டும் என்று நிறுத்தி வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து நிர்வாகி வந்து நின்றார். காலி மெமரி மறுபடி சிவந்துவிட்டதே, என்னம்மா ஆச்சு என்றார். இன்னும் ஒரு மணி நேரத்துக்கு இந்தப் பக்கம் வந்தால் நான் பொறுப்பில்லை என்றேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. மனிதர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

முதல் இருபது நிமிடத்தைத் தொடக்கூடாது என்று முடிவு செய்தேன். ஒன்பது நாற்பதிலிருந்து பத்து மணிவரை பதிந்ததை விளக்குமாறு எடுத்திருக்கும். இல்லாததைப் படிக்கப் போனால் அதற்குப் பதிலாக வெறும் பூஜ்யங்கள் வந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். நடுவிலிருந்து படித்துப் பக்கத்து மெஷினுக்கு அனுப்பும் கட்டளையைக் கொடுத்தேன். அந்தச் சின்னக் கட்டளையைக் கொண்டுவருவதற்கே நொண்டி டிஸ்க் பதினொரு நொடி எடுத்துக்கொண்டது. நகம் கடிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது, ஆனால் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு எண்கள் ஓடத் தொடங்கின. ஒன்றரை நிமிடத்தில் இருபத்தைந்து நிமிடப் பேச்சும் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. இங்கே ஒன்று, அங்கே ஒன்று, என் பென்டிரைவில் ஒன்று என்று மூன்று நகல் எடுத்த பிறகுதான் மூச்சு விட்டேன்.

ஓட்டி ஓட்டிக் கேட்டுப் பார்த்தேன். அத்தானுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, கேஸ் அடுப்பை அணைப்பது பற்றி ஒரு பாட்டம். எனக்கு, கல்யாணம் செய்துகொள்ளாததைப் பற்றி ஒரு பாட்டம். தன்னிடம் வண்டி கற்றுக்கொண்டு சுவரில் மோதியவர்களைப் பற்றி ஒரு நீண்ட சிரிப்பு. சிரிப்பு கிடைத்துவிட்டதே என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் எவ்வளவு ஓட்டியும் வாலு அதில் இல்லை. வாலு அக்காவின் பெண், எட்டு வயது.

ஒலிப்பதிவாளரைப் போனில் பிடித்தேன். முதல் இருபது நிமிடமும் மகளுக்குத்தான் பேசினார், நான் மரியாதைக்காக ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன் என்றார் அவர். உட்கார்ந்திருந்த நாற்காலி என்னோடு கீழே இறங்குவது போலிருந்தது.

மணி பதினொன்று இரண்டு. சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். டிஸ்க் போய்விட்டது, என்ன செய்வது என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம். அது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் பிறகு என்றால், அவள் பதில் பேச முடியாதபோது. மேசைமேல் இருந்த ஆபீஸ் போனை எடுத்து அத்தானைக் கூப்பிட்டேன். தள்ளுகட்டில் வந்துவிட்டது, ஊசி போடப்போகிறார்கள் என்று அவர் கிசுகிசுத்தார். ஒரு நிமிடம் அவளிடம் கொடுங்கள் என்றேன்.

“என்னடி, அதுக்குள்ள அழ ஆரம்பிச்சிட்டியா?” என்றது அக்காவின் குரல். கரகரப்பு ஏறிப் பாதிதான் கேட்டது.

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். டிஸ்க், முத்திரை, விளக்குமாறு, இருபது நிமிடம்.

“வாலுவுக்குப் பேசினதா?” என்றாள்.

“ஆமாக்கா.”

“கம்ப்யூட்டர் அழிச்சிடுச்சா?”

“நான் எழுதி வச்சதுதான்க்கா அழிச்சுது. நான்தான்.”

அவள் சிரிக்க முயன்று இருமினாள். “மெஷின் மேல பழியப் போட இவ்வளவு வசதி இருந்தும் நீயா வந்து ஒத்துக்கிற பாரு. கழுதை.”

பக்கத்தில் நர்ஸ் ஏதோ சொல்வதும், அக்கா ரெண்டே நிமிஷம் என்று கெஞ்சுவதும் கேட்டது. நான் ரிசீவரைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டேன்.

“இருபது நிமிஷத்துல முக்கால்வாசி அறிவுரைதாண்டி. பல்ல வெளக்கு, அப்பாவப் படுத்தாத. அதெல்லாம் நீயே சொல்லிக்கோ. ஒண்ணே ஒண்ணுதான் உன்னால முடியாது. காலைல அவள எழுப்புறது. நான் எழுப்பினாத்தான் எந்திரிப்பா. கேட்டுக்கோ.”

பிறகு அவள் அதைச் சொன்னாள். சொன்னாள் என்பதா, பாடினாள் என்பதா, தெரியவில்லை. “எந்திரி வண்டி, சாவியப் போடு. கண்ணு லைட்டு, பளிச் பளிச். மூக்கு ஹாரன், பாம் பாம்.” அந்த இடத்தில் ஒரு இருமல் வந்தது. “ரிவர்ஸ்ல போகாத, போர்வைக்குள்ள போகாத, முன்னாடி வா, முன்னாடி வா, முன்னாடி வா.” ஒவ்வொரு ‘முன்னாடி வா’வும் முந்தையதைவிட ஒரு படி மேலே ஏறியது. கடைசியில் குரல் உடைந்து காற்றாகப் போனது.

“புரிஞ்சுதா?” என்றாள். ம் என்றேன். போனை யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

ரிசீவரை வைத்த பிறகுதான் பார்த்தேன். என் கைபேசி மேசைமேல், முழங்கைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. ஆபீஸ் போனை ஸ்பீக்கரில் போட்டு, கைபேசியில் ஒரு பொத்தானை அழுத்தியிருந்தால் போதும். அவ்வளவு நேரம் கெர்னலோடு மல்லுக்கட்டியவளுக்கு அது தோன்றவே இல்லை. அத்தானுக்கும் தோன்றியிருக்காது, அவர் பாவம், கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. பதினொன்று ஒன்பது. உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

மறப்பதற்குள் பதிந்துவிடலாம் என்று கைபேசியில் நானே சொல்லிப் பார்த்தேன். போட்டுக் கேட்டால் சகிக்கவில்லை. சொற்கள் எல்லாம் இருந்தன, ராகம் எங்கேயோ போய்விட்டது. மறுபடி சொன்னேன், இன்னும் மோசம். மூன்றாவது தடவைதான் உறைத்தது. நான் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் என் குரல் அக்காவின் குரலுக்கு மேல் படிந்துகொண்டிருக்கிறது. வாயை இறுக மூடிக்கொண்டேன்.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நிர்வாகி எங்கே போகிறாய் என்றார், கையை மட்டும் ஆட்டினேன். லிஃப்ட்டில் யாரோ கைபேசியில் பாட்டு வைத்திருந்தார்கள். காதைப் பொத்திக்கொண்டு படியில் இறங்கினேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் மணி கேட்டாள், கைக்கடிகாரத்தைக் காட்டினேன். ஒரு சொல் உள்ளே வந்தாலும் அதற்கு இடம் கொடுக்க வேறொன்று வெளியே போய்விடும் என்று பைத்தியம் மாதிரி நம்பினேன். ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, வேர்க்க வேர்க்கப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன்.

டீச்சரிடம் இரண்டு நிமிடம் கேட்டு வாலுவை வராந்தாவுக்குக் கூப்பிட்டேன். என்னைக் கண்டதும் அவள் முகம் சுருங்கிப்போனது. அம்மாவுக்கு ஒன்றும் இல்லை, ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கிறது, சாயங்காலம் பார்க்கலாம் என்று சொன்னேன். அவள் ஜன்னல் கம்பியை விடாமல் பிடித்திருந்தாள்.

பிறகு நடந்ததைச் சொன்னேன். உனக்காக அம்மா பேசி வைத்ததைச் சித்தி தொலைத்துவிட்டேன், அதில் ஒன்றை மட்டும் போனில் மறுபடி சொன்னாள், அதையாவது உன்னிடம் சேர்க்கத்தான் ஓடி வந்தேன் என்றேன். குனிந்து, அவள் காதருகில், என்னால் முடிந்தவரை சொன்னேன். சாவியைப் போடு, பளிச் பளிச், பாம் பாம், ரிவர்ஸ்ல போகாத. மூன்றாவது ‘முன்னாடி வா’வில் என் குரல் எங்கோ கோணிக்கொண்டு போனது.

வாலு என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். “ஐயோ சித்தி, அப்படி இல்ல” என்றாள்.

கம்பியை விட்டுவிட்டு அவள் சொல்லிக் காட்டினாள். எட்டு வருடம் தினமும் காலையில் கேட்டவள். ஏற்றம், இறக்கம், ‘பளிச்’சில் நாக்கைத் தட்டுவது, ‘வண்டி’யை இழுப்பது, எல்லாமே அக்கா. நான் வழியெல்லாம் கொட்டிவிடாமல் தூக்கி வந்தது ஏற்கெனவே இங்கே முழுசாக இருந்தது. சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம், வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவசரமாகக் கைபேசியை எடுத்து, இன்னொரு தடவை சொல்லுடி என்று பதிந்தேன். பாம் பாம் வந்ததும் அவள் நின்று, கையை வாயருகே கொண்டுபோய் ஒருமுறை இருமிவிட்டு, ரிவர்ஸ்ல போகாத என்று தொடர்ந்தாள். முதல் தடவை சொல்லிக் காட்டியபோதும் வாலு அங்கே இருமியிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

“இருமல் வேண்டாம்டி, அது பாட்டுல இல்ல” என்றேன்.

“இருக்கு சித்தி. அம்மா எப்பவும் அங்க இருமுவாங்க.”

“எப்பவும்னா? எப்பலேருந்து?”

அவள் சற்று யோசித்தாள். “நான் ஒண்ணாவது படிக்கிறப்பலேருந்து.”

இப்போது மூன்றாவது படிக்கிறாள். இருமல் எப்போது தொடங்கியது என்று டாக்டர் முதல் நாளே கேட்டார். ஒரு ரெண்டு மாசம் இருக்கும் என்றாள் அக்கா. இருக்கும் என்றார் அத்தான். நானும் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆமாம் என்று தலையாட்டினேன். அன்றைக்கு வாலுவை யாரும் கேட்கவில்லை, அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். நான் அவளை இழுத்துக் கட்டிக்கொண்டேன். டீச்சர் பார்க்கிறார்கள், விடு சித்தி என்றாள்.